கஸ்தோன் தட்டிப் பார்த்த சக்கரங்கள்

சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பதில் கஸ்தோனை அடித்துக்கொள்ள சைகோனில் ஆள் கிடையாது என்று பேர். இருக்கட்டும். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்த காது போய் எட்டு மாசம் ஆகிறது என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கட்டின பெண்டாட்டி மார்கரித்துக்குக்கூடச் சொல்லவில்லை. வலது காது வியட்நாமியர் புத்தாண்டான தெத் பண்டிகைக்கு முன்னாலேயே சுத்தமாக அடைத்துவிட்டது. இடது காதில் மனுஷப் பேச்சு எட்டும், அதுவும் முகத்தைப் பார்த்துப் பேசினால்தான். இருபத்தைந்து வருஷம் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தவனுக்கு வேறென்ன மிஞ்சும்?

பட்டறை சீனர் பேட்டையான சோலோனில் ஒரு சந்துக்குள்ளே. கார் உள்ளே வராது. சந்து வாயிலில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வரவேண்டும். ஒரு பக்கம் தகரப் பெட்டி அடிக்கிற சீனர், மறு பக்கம் இரும்புக் கதவு பற்றவைக்கிறவர்கள். அந்தச் சந்தில் எல்லாருமே தொண்டை கிழியத்தான் பேசுவார்கள். எட்டு மாசமாக அவர் தப்பித்ததே அதனால்தான்.

இந்த ஊரில் கார் ஓட்டுகிறவன் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. நாலு பக்கமும் மோட்டார் சைக்கிள் ஈ மாதிரி மொய்க்கும். ஒதுங்கினால் நடைபாதை ஓரக்கல். முன்பெல்லாம் சிமெண்டுக் கல், பட்டால் அதுவும் கொஞ்சம் உதிரும். இப்போது கருங்கல்லை அறுத்துப் பதித்திருக்கிறார்கள். அலாய் வீலின் விளிம்பு அதில் பட்டதோ, கல்லுக்கு ஒன்றும் ஆகாது, வீலைக் கடித்துத் துப்பிவிடும். அப்படிக் கடிபட்ட வீல்கள்தான் கஸ்தோன் வீட்டுச் சோறு. கழுவுவார்கள், டயரைக் கழற்றுவார்கள், பள்ளத்தை அரத்தால் ராவுவார்கள், ஆழமாக இருந்தால் அலுமினியப் பட்டி வைத்து நிரப்புவார்கள். சின்ன உரசலுக்கு டயரைக் கழற்றுவதில்லை. பழைய சீட்டுக்கட்டை எடுத்து, டயருக்கும் வீலுக்கும் நடுவே ஆடுதன் ராணியையும் இஸ்பேட் ராஜாவையும் வரிசையாகச் செருகிவிட்டு பெயிண்ட் அடித்துவிடலாம். உப்புத்தாள் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் மார்கரித். அவள் கைக்கு அப்படி ஒரு நிதானம். எந்த இடத்தில் கடிபட்டது என்று இடித்தவனுக்கே தெரியாது.

ஆனால் பெயிண்டுக்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. டயர் கழற்றின வீலைக் கயிற்றில் தொங்கவிட்டு, மரச் சுத்தியலின் பிடியால் ஒரு தட்டு தட்டுவார் கஸ்தோன். நல்ல வீல் கணீரென்று இழுத்துப் பாடும். உள்ளே எங்காவது கீறல் விட்டிருந்தால் 'தொப்'பென்று செத்த சத்தம் வரும். அப்படிப்பட்டதைச் சந்து வாயிலுக்கே உருட்டிவிடுவார், எடைக்குப் போட்டுக்கோ என்று. மற்ற பட்டறைகளில் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, கீறலில் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். "காது இருக்கயில சாயம் எதுக்கு?" என்பார் இவர். சாயப் புட்டி ஒன்று வாங்கி வைத்ததே இல்லை. மார்கரித் பெயிண்ட் துப்பாக்கியைக் கையில் எடுக்குமுன் கேட்பாள், "தட்டியாச்சா?" இவர் சொல்வார், "தட்டியாச்சு." அவ்வளவுதான் கணக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அவள் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள், தொண்ணூற்று நாலில் தாலி கட்டி வந்தவள். அவர் இங்கேயே பிறந்தவர். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது தெரிந்த தமிழ்க் குடும்பமெல்லாம் பிரான்சுக்கும் பாண்டிச்சேரிக்கும் போய்விட்டது. இவருடைய அப்பா ஆந்துவானுக்கு மட்டும் காகிதம் ஏதோ ஒன்று குறைந்தது. குறைந்தது குறைந்ததுதான், இங்கேயே தங்கிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். முதல் நாளே சேக் தன் வீலை விட்டுப் போயிருந்தான். நாகூர்ப் பையன், பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு பிளாஸ்டிக் ஃபாக்டரியில் மேலாள். அவன் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸும் நாலு வயசு மகளும் ஊரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவர்களுக்கு பான் தியெத் கடலைக் காட்டுகிறேன் என்று வாடகைக் கார் எடுத்திருந்தான். எடுத்த அன்றே, நூடுல்ஸ் கடை வாசலில் நடைபாதைமேல் ஏற்றுகிறேன் பேர்வழி என்று வலது முன் சக்கரத்தைக் கல்லில் மோதிவிட்டான்.

காலை ஒன்பது மணிக்கு வீலை மாட்டினார்கள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கஸ்தோன் நட்டுகளை முறுக்கிக்கொண்டே வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார்.

"பிளாட்பாரத்துல ஏறணும்னா நேரா ஏறு தம்பி. சாய்வா ஏறாத, சாய்வா ஏறுனா டயருக்கு முந்தி வீலு போயி கல்ல முட்டும். நிறுத்தயில பக்கத்துக் கண்ணாடிய கீழ எறக்கி வச்சுக்க. வீலும் கல்லும் ஒண்ணா தெரியணும். ஒரு சாண் இருக்கயிலயே நிறுத்திடணும். காத்தக் கம்மியா வச்சு ஓட்டாத, டயரு அமுங்குனா கல்லு நேரா வீலத்தான் கடிக்கும்."

"அண்ணே, இனிமே கல்லப் பாத்தா சலாம் சொல்லிட்டு பத்தடி தள்ளி நிறுத்துறேன், போதுமா?" என்றான் சேக். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். கஸ்தோன் அவன் உதட்டையே பார்த்தார். "அன்னக்கி நல்லாவே இடிச்சிட்டேன்ணே. உள்ளாற ஏதும் சேதம் இருக்காதுல்ல?"

"தட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு நட்டை இன்னொரு சுற்று முறுக்கினார். எட்டு மாசமாக ஒவ்வொரு வீலுக்கும் இதே பதில்தான். முந்தின நாள் தட்டியபோது ஒரு சத்தமும் கேட்கவில்லை. விரலை வீல்மேல் வைத்துப் பார்த்தார், ஏதோ அதிர்ந்த மாதிரி இருந்தது. அதிர்ந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டார். இத்தனை நாள் அப்படி விட்டதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று ஒரு சமாதானம்.

"வெள்ளிக்கிழமையா இருக்கு. வழியில ஷுவான் லோக் தாண்டி சாம் இனத்து முஸ்லிமுங்க பள்ளிவாசல் ஒண்ணு இருக்குன்னாங்க. ஜும்மா தொழுதுட்டு, பக்கத்துலயே சாப்பிட்டுட்டு நேரா கடலுதான்" என்று சொல்லிவிட்டு சேக் வண்டியை எடுத்தான். பின்கண்ணாடியில் அந்தக் குழந்தை மூக்கை அழுத்திக்கொண்டு கையாட்டியது. மார்கரித்தும் ஆட்டினாள்.

ஒன்பதே முக்கால் இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் சடசடவென்று அடிப்பது கஸ்தோனுக்கு எங்கேயோ அடுத்த தெருவில் பெய்வது போல இருந்தது. மார்கரித் மத்தியானத்துக்குக் கொடுவாய் மீனைக் கழுவி மிளகாய்த்தூள் பிசறி வைத்துவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலைக்கு முன்னால் ஒரு படம், வேலைக்குப் பின்னால் ஒரு படம் என்று எடுத்து ஆட்களுக்கு அனுப்புவது அவள் பழக்கம். சட்டென்று எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எத்தன தடவ கூப்புடுறது? இங்க பாருங்க. இது என்ன கோடு?"

"எது?"

"இந்தா, உள்பக்கம். நேத்து கழுவி வச்சுட்டு எடுத்தேன்ல. பெருசு பண்ணிக் காட்டுறேன் பாருங்க."

பார்த்தார். வீலின் உள்வளையத்தில் குறுக்கே ஒரு மயிரிழை.

"தண்ணி வழிஞ்ச தடம்."

"வழிஞ்ச தடம் மேலேர்ந்து கீழல்ல வரும்? இது குறுக்கால்ல போவுது. சுத்தி எல்லாம் காஞ்சு வெளுத்துக் கெடக்கு, இந்தக் கோட்டுல மட்டும் ஈரம் நிக்குது பாருங்க."

கீறலுக்குள் புகுந்த தண்ணீர் சீக்கிரம் காயாது. அது அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷத் தொழில், தெரியாமல் என்ன?

"நெழலா இருக்கும்" என்றார்.

மார்கரித் அவர் முகத்தையே பார்த்தாள். "தட்டுனீங்கல்ல? என்ன சொல்லுச்சு?"

"நல்லாத்தான் சொல்லுச்சு."

"அப்ப நெழலுதான்" என்றாள் அவள். அப்படியே மனசு லேசாகி, உலையில் அரிசி போடப் போய்விட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை பிடிவாதமாகவே நின்றிருப்பார். கஸ்தோன் பத்து நிமிஷம் கையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு தேய்க்காமல் உட்கார்ந்திருந்தார். சாலையில் இப்போது எங்கே இருப்பார்கள் என்று மனசு கிலோமீட்டர் கிலோமீட்டராக அளந்தது. ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கம் தாண்டியிருப்பார்கள். அதிவேகச் சாலை. அங்கே நூற்று இருபதில் போகலாம். அந்த வேகத்தில் முன்சக்கரம் பிளந்தால்?

அடுக்களை வாசலில் போய் நின்றார். "அந்தப் பையனுக்குப் போன் போடு. வண்டிய ஓரங்கட்டச் சொல்லு."

"நல்லாத்தான் சொல்லுச்சுன்னீங்களே?"

"போடுன்னா போடேன்!"

போட்டாள். மணி அடித்தது, வெட்டிவிட்டார்கள். மறுபடி போட்டாள். இரண்டு மணி, வெட்டு. மூன்றாம் தடவை எடுத்த கையோடு வெட்டு.

"புள்ள கையில போன குடுத்துருக்கான்" என்றாள் மார்கரித். "அது பொம்மப் படம் பாத்துக்கிட்டு நம்மளத் தள்ளித் தள்ளி விடுது. மாதாவே!"

அதிவேகச் சாலைக்காரர்களின் உதவி எண்ணுக்குப் போட்டாள். வண்டி நம்பர் என்ன என்று கேட்டார்கள். வாடகை வண்டி, நம்பரை யார் பார்த்தார்கள்? வெள்ளிக் கலர் என்றாள். வெள்ளிக் கலரில் இன்றைக்கு ஆயிரம் வண்டி போயிருக்கிறதே அம்மா என்றார்கள்.

சந்து முனையில் குடியிருக்கிற நல்லசிவம் அப்போதுதான் ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தேவகோட்டைப் பக்கத்துக்காரன், கோயில் வேலைக்கென்று வந்து, இப்போது சொந்தமாக ஏழு பேர் உட்காரும் வண்டி வைத்து, இந்திய அதிகாரிகளை ஃபாக்டரிக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுகிறான். மார்கரித் நனைந்துகொண்டே ஓடிவந்து நாலு வார்த்தை சொன்னதும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஆத்தாடி! பச்சப் புள்ள இருக்காக்கா வண்டில? ஏறுங்க, வெரசா ஏறுங்க. அண்ணே, நீங்க முன்னாடி உக்காருங்க."

பத்தேகாலுக்குக் கிளம்பினார்கள். வாய்க்கால் ஓரப் பெருஞ்சாலை, சுரங்கம், பாலம். மழைத் துடைப்பான் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டே இருந்தது. மார்கரித் பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் ஜெபமாலையும் ஒரு கையில் கைபேசியுமாக, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுங்கச் சாவடி தாண்டியதும் நல்லசிவம் காலை அழுத்தினான். நூறு. நூற்றுப் பத்து.

"கவலப்படாதீங்கண்ணே. அவுக ஜும்மாவுக்கு நிக்கிற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. பன்னண்டரைக்குள்ள போயிருவோம். நம்ம வண்டி குதுர மாதிரி" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். முகத்தைத் திருப்பிச் சத்தமாகவே சொன்னதால் கஸ்தோனுக்குக் கேட்டது. "அதுவும் நீங்க சரி பண்ணிக் குடுத்த வீலு வேற. சித்திர மாசம் கல்லுல இடிச்சுட்டு வந்தேனே, ஞாவகம் இருக்கா? இந்த வலது முன் வீலுதான். கஸ்தோண்ணே தட்டிப் பாத்துக் குடுத்துருக்காருன்னு எல்லார்கிட்டயும் பெருமையால்ல சொல்லிக்கிட்டுத் திரியிறேன்!"

வலது முன் வீல். இந்த ஊரில் ஓட்டுகிறவன் உட்காருவது இடது பக்கம், அதனால் கஸ்தோன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே. சித்திரை மாசம். காது போனபிறகு.

பாதத்தைத் தரையிலிருந்து தன்னை அறியாமல் தூக்கிக்கொண்டார். தரை வழியாக ஒரு அதிர்வு ஏறி வருவது போலிருந்தது. வண்டி அதிர்வா, தன் கால் நடுக்கமா, தெரியவில்லை. அந்த வீல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். தொங்கவிட்டது ஞாபகம் இருந்தது. தட்டியது ஞாபகம் இருந்தது. சத்தம்? சத்தம் எப்படி ஞாபகம் வரும், கேட்டால்தானே! நூற்றுப் பதினைந்து என்று காட்டியது முள். பக்கத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. இப்போது இது பிளந்தால் அதற்கு அடியில்தான் போய்ச் செருகும். மார்கரித் பின்னால். நல்லசிவத்துக்கு ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள்.

சொன்னால் வண்டி மெதுவாகும். மெதுவானால் அந்தக் குழந்தை இருக்கிற வண்டி தொழுகை முடிந்து போய்விடும். சொல்லாவிட்டால் இந்த வண்டி. இப்படி ஒரு பயத்தை அவர் வாழ்நாளில் பட்டதில்லை. எழுபத்தைந்தில் ஆகாயத்தில் ஹெலிகாப்டர் பறந்தபோதுகூட அப்பா கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

"மெதுவாப் போ" என்றார்.

"என்னாண்ணே?"

"மெதுவாப் போ நல்லசிவம்! எனக்குக் காது கேக்காது!"

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நல்லசிவத்துக்குப் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று. வேகத்தைக் குறைத்து, அடுத்து வந்த ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

"சொல்லுங்கண்ணே."

"தெத்துக்கு முன்னாலேர்ந்து கேக்கல. வலது பக்கம் சுத்தமா இல்ல. இடது பக்கம் நீ கத்துனாத்தான். ஒன் வீல நான் தட்டினேன். அது என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பையன் வீலயும் அப்படித்தான்."

மார்கரித் முன்பக்கம் எட்டி வந்து, அவர் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள்.

"எட்டு மாசமா? நான் கூப்ட்டுக் கூப்ட்டு நீங்க திரும்பாம உக்காந்திருந்தப்பல்லாம், என் மேல எதுக்கோ கோவம்னு நெனச்சு அழுதுருக்கேனே, அதெல்லாம் இதுதானா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"தட்ட வேணாம்னு சொல்லிடுவ. அப்பறம் எனக்கு அங்க என்ன வேல இருக்கு?"

"சண்டாளா" என்றாள் அவள். கட்டின புருஷனை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலையில் அடித்துக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்தாள்.

நல்லசிவம் இறங்கிப்போய் வலது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மழையிலேயே குந்தினான். கஸ்தோனும் இறங்கினார். சேறும் பிரேக் தூசியும் அப்பியிருந்ததில் கீறல் இருந்தாலும் தெரிய வழியில்லை. டயரோடு இருக்கிற வீலைத் தட்டினாலும் பிரயோசனமில்லை, ரப்பர் சத்தத்தை விழுங்கிவிடும்.

"ஸ்டெப்னி மாட்டிக்கலாம் நல்லசிவம்" என்றார் கஸ்தோன்.

"மாட்டலாம். இந்த மழையில எல்லாச் சாமானையும் எறக்கி மாத்த இருவது நிமிசம் ஆவும்." நல்லசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து. "தொழுக முடிஞ்சு அவுக கெளம்பிட்டா?"

கஸ்தோன் டயர்மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"ஆறு மாசம் ஓடுன வீலு. இன்னும் ஒன்ர மணி நேரம் ஓடாமயா போயிரும்" என்று நல்லசிவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "ஏறுங்க. அக்கா, பெல்ட்டப் போட்டுக்குங்க. நீங்க எந்தப் பக்கம் உக்காந்தாலும் ஒண்ணுதான்ணே, ஏறுங்க."

நல்லசிவம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வழியில் சின்னக் குழி தெரிந்தால்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு விலக்கினான். அதிவேகச் சாலை முடிந்து பழைய நெடுஞ்சாலையில் ஏறினார்கள். இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம், ரம்புத்தான் பழக் கடைகள். ஓரத்தில் நின்றிருந்த ஒவ்வொரு வெள்ளிக் கலர் வண்டியும் கஸ்தோன் நெஞ்சில் ஏறி இறங்கியது.

லோங் கானுக்கு அப்பால் ஒரு கூட்டம். லாரி ஒன்று குறுக்கே நின்றது. சாலையெல்லாம் கண்ணாடித் தூள். போலீஸ்காரன் சீட்டி ஊதி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். லாரிக்கு அந்தப் பக்கம் ஒரு காரின் பின்புறம் மட்டும் தெரிந்தது. வெள்ளிதான்.

"யேசுவே, யேசுவே, யேசுவே" என்றாள் மார்கரித்.

நல்லசிவம் ஊர்ந்து போனான். கஸ்தோன் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள் கண்ணாடியில் அழுந்தின சின்ன மூக்கு. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மார்கரித்.

"அவுங்க இல்ல! இது பழைய டப்பா வண்டி. அவுங்க இல்லங்க!"

கஸ்தோன் அழுதுவிட்டார். யாரோ ஒருவன் வண்டி நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதார்.

பள்ளிவாசலைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. பச்சைக் குவிமாடம், முன்னால் பெரிய மண் முற்றம், நிறைய மோட்டார் சைக்கிள்கள். மழை விட்டு வெயில் எரிந்தது. மணி பன்னிரண்டு நாற்பது. வேப்பமரம் மாதிரி ஏதோ ஒரு மரத்தடியில் அந்த வண்டி நின்றது. பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் ஜன்னத்துல் பிர்தௌஸ், மடியில் குழந்தை, குழந்தை கையில் கைபேசி.

"என்னா நீங்க இங்க வந்திருக்கீங்க?" என்று அவள் எழுந்தாள். மார்கரித் பதிலே சொல்லாமல் குழந்தையை வாங்கி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குழந்தை கத்தியது.

கஸ்தோன் சேற்றிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்தார். டயர் பாதி அமுங்கியிருந்தது. நல்லசிவம் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். உள்வளையத்தில் ஊற்றினார். கோட்டின் மேலேயே குமிழி குமிழியாகப் பொங்கியது. நேற்று மயிரிழையாக இருந்தது இப்போது ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, ஒரு பக்கம் விளிம்புவரைக்கும் ஓடியிருந்தது. நகம் உள்ளே போயிற்று.

"வண்டி ஒரு பக்கமாவே இழுக்குதுன்னு அவுங்க சொல்லிக்கிட்டே வந்தாஹ" என்றாள் ஜன்னத்துல் பிர்தௌஸ். "தொழுதுட்டு வந்து பாக்குறேன்னாஹ. பஸ்ஸுக்கு ஒதுங்கயில ரெண்டு மூணு தடவ மண்ணுல எறக்கி ஏத்துனாஹ. ஏன், என்னாச்சு?"

தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சேக் தொப்பியை மடித்துக்கொண்டே வந்தான். இவர்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தான். "என்னண்ணே, கடலுக்கு நீங்களும் வர்றீங்களா?" பிறகு சேறு அப்பின முதுகைப் பார்த்தான், வீலைப் பார்த்தான், குனிந்து கீறலைப் பார்த்தான். எழுந்தபோது ஆளே மாறியிருந்தான்.

"தட்டிப் பாத்தேன்னு சொன்னீங்களேண்ணே" என்றான்.

"ஆமா தம்பி. தட்டினேன். எனக்குக் காது கேக்காது."

சேக் அடிப்பான் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மார்கரித்திடம் போய் மகளை வாங்கிக்கொண்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த வண்டிக்கு நல்லசிவம்தான் ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தான். அது முடிந்ததும் தன் வண்டிக்கு ஜாக்கி போட்டான். வலது முன் சக்கரத்தின் நட்டில் கஸ்தோன் ஸ்பேனரை வைக்கப் போனார்.

"நீங்க தள்ளிக்குங்கண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். கஸ்தோன் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். கழற்றின வீலை நல்லசிவம் பார்க்கவுமில்லை, தட்டவுமில்லை, பின்னால் தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்தினான்.

மார்கரித் வந்து அவருக்கு இடப்பக்கமாக நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"தெத்துக்கு அப்பறம் எத்தன வீலு தட்டியிருப்பீங்க?"

கஸ்தோன் தரையைப் பார்த்தார். இந்தக் கேள்வி காலையிலிருந்தே அவருக்குள் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. "அறுபதுக்கு மேல இருக்கும்."

"அறுபது வண்டியா?"

"ஆமா."

அவள் கைபேசியை எடுத்து ஆட்களின் பேர் வரிசையைத் தள்ளிக்கொண்டே போனாள். போகப் போக முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. முதல் பேரில் விரலை வைத்தாள். பல் டாக்டர் தாம். போன மாசம் வந்தவர். இரண்டு வீல்.

"குடு, நானே சொல்றேன்" என்றார் கஸ்தோன்.

கைபேசியை இடது காதில் அழுத்திக்கொண்டு வியட்நாமியத்தில் சத்தம் போட்டுச் சொன்னார். சக்கரப் பட்டறை கஸ்தோன் பேசுகிறேன், உங்கள் வண்டியை ஓட்டாதீர்கள், என் வேலையில் தப்பு இருக்கிறது, வீலில் கீறல் இருந்தாலும் இருக்கும், வண்டியைத் தொடாதீர்கள். பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் டாக்டர் என்னவோ சொன்னார். குரல் கொசு ரீங்காரம் போலத்தான் வந்தது. கஸ்தோன் மார்கரித்திடம் கைபேசியை நீட்டினார்.

அவள் வாங்கிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் இன்னொரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"என்ன சொல்றார்?"

"வூங் தௌ கடற்கரைக்குப் போய்க்கிட்டிருக்காராம்" என்றாள் மார்கரித். "அதிவேகச் சாலையில இருக்காராம். புள்ளைங்க மூணும் பின்னால தூங்குதாம்."